வீணை வாசிக்கும் இயந்திரம்: இடது கைக்கு என்ன வழி?

பட்டறை_கோவை

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் சின்ன லேத் பட்டறை நடத்துகிறேன், பம்பு உதிரி பாகங்கள்தான் பிழைப்பு. தானாக வாசிக்கும் வீணை ஒன்று செய்ய வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. ஸ்பீக்கரில் பதிவு ஓடுவதைச் சொல்லவில்லை. நிஜத் தந்தி, நிஜக் குடம். மீட்டுவதையும் அழுத்துவதையும் மட்டும் மோட்டார் செய்ய வேண்டும்.

இப்போதைக்கு யோசித்து வைத்திருப்பது இது. வீணைக்கு 24 மெட்டு, அதாவது தந்தியை அழுத்தும் வெண்கலப் பட்டைகள். சாரணித் தந்திக்கு (முதல் தந்தி) மேலே ஒரு அலுமினியச் சட்டம் போட்டு, மெட்டுக்கு ஒன்றாக 24 சாலினாய்டு (மின்சாரம் கொடுத்தால் தண்டு இறங்கும் மின்காந்தம்) வைப்பது. கம்ப்யூட்டரிலிருந்து மிடி கோப்பு (எந்த ஸ்வரம் எப்போது என்ற பட்டியல்) அர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகைக்கு வரும். எந்த ஸ்வரமோ அந்த சாலினாய்டு இறங்கித் தந்தியை மெட்டில் அழுத்தும். வலது கைக்கு ஒரு சிறு சர்வோ, நுனியில் பிளெக்ட்ரம். மற்ற மூன்று தந்திகளையும் தாளத் தந்திகளையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சாலினாய்டு அடிக்கும் 'டக்' சத்தத்தை எப்படிக் குறைப்பது? தந்தியைத் தொடும் நுனிக்கு ரப்பர் நல்லதா, நைலான் நல்லதா? வீட்டில் அம்மாவின் பழைய வீணை ஒன்று வாசிக்காமல் இருக்கிறது, அதிலேயே சட்டத்தைத் திருகலாமா?

மின்னோடி

சாலினாய்டுக்கு முழு மின்னோட்டத்தை முதல் 20, 30 மில்லிசெகண்டுக்கு மட்டும் கொடுங்கள். அதற்கப்புறம் பி.டபிள்யூ.எம். (மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுக் கொடுப்பது) வைத்துப் பாதிக்கும் கீழே இறக்கிவிடலாம். பிடித்து வைக்க அது போதும், சூடும் ஏறாது. உள்ளே முட்டும் இடத்தில் கம்பளி ஃபெல்ட் ஒட்டினால் இரும்பில் இரும்பு அடிக்கும் சத்தம் போய்விடும். நுனிக்குக் கெட்டியான சிலிக்கான் ரப்பர் போடுங்கள். மெத்தென்று இருந்தால் தந்தியின் அதிர்வைக் குடித்துவிடும்.

பிருடைக்காரர்

தம்பி, அம்மா வாசித்த வீணையில் ஒரு திருகு கூடப் போடாதீர்கள். தஞ்சாவூரில் வீணை ரிப்பேர்தான் எனக்குத் தொழில், அதனால் சொல்கிறேன். பலா மரத்துத் தண்டி உள்ளே குடைந்தது. மேலே இரண்டு பக்கமும் மெழுகுக் கட்டு. தேன்மெழுகும் கரியும் சேர்த்துக் கட்டிய அந்த மேடையில்தான் வெண்கல மெட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. அதன் தலைக்கு மேல் 24 சாலினாய்டு சூடாகி நின்றால் மெழுகு இளகும். மெழுகு இளகினால் மெட்டு நகரும். ஒரு மெட்டு மயிரிழை நகர்ந்தாலும் சுருதி கெட்டு, மறுபடி மேளம் கட்ட, அதாவது மெழுகில் மெட்டுகளைத் திரும்பப் பதிக்க, வேண்டியதாகிவிடும். பரிசோதனைக்குத் தனியாக ஒரு பலகை செய்துகொள்ளுங்கள்.

வைணிகை

மயிலாப்பூரில் வீணை சொல்லிக் கொடுக்கிறேன். மோட்டார் விஷயம் எனக்குத் தெரியாது, ஆனால் 24 சாலினாய்டு என்ற இடத்திலேயே எனக்குத் தடுக்கிறது.

நீங்கள் திட்டமிட்டிருக்கும் இயந்திரம் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை வாசிக்கும். ஜண்டை, அலங்காரம் எல்லாம் வரும். வர்ணத்துக்குப் போனால் அங்கேயே நின்றுவிடும். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண காந்தாரம் என்று பெயர், அதற்கென்று ஒரு மெட்டும் இருக்கிறது. அந்த மெட்டில் விரலை அசையாமல் வைத்து மீட்டிப் பாருங்கள், யாரும் அதைத் தோடி என்று சொல்லமாட்டார்கள். கீழே சுத்த ரிஷபத்துப் பக்கம் தொடங்கி, மேலே சுத்த மத்யமம் வரை தந்தியை இழுத்து இழுத்து விடும்போதுதான் கேட்பவருக்கு அது காந்தாரமாகக் கேட்கிறது. சுருதி அந்த மெட்டின் இடத்தைக் கடந்து போய்க்கொண்டே இருக்கிறது, அங்கே தங்குவதே இல்லை. இதே காந்தாரம் கரகரப்ரியாவில் வந்தால் அசைவு வேறு.

எட்டயபுரத்தில் சுப்பராம தீக்ஷிதர் 1904இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் கமகத்துக்கென்றே, அதாவது ஸ்வரத்தின் அசைவுக்கென்றே, தனித்தனிக் குறிகள் போட்டிருக்கிறார். கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, வளி, ஒதுக்கல், ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று போகும். ஸ்வர எழுத்து மட்டும் போதாது என்பதால்தான் அத்தனை குறியும். உங்கள் மிடி கோப்பில் ஸ்வரம் மட்டும் இருக்கிறது.

இயந்திரம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இடது கையிலிருந்து தொடங்குங்கள். ஒரு தந்தி போதும், அதில் தோடி காந்தாரம் ஒன்று உருப்படியாக வந்துவிட்டால் மற்றதெல்லாம் கை எட்டும் தூரத்துக்கு வந்துவிடும்.

கீபோர்டு_தம்பி

இதற்கு இவ்வளவு பாடு எதற்கு? நல்ல வீணை சாம்பிள் வாங்கி, பிட்ச் வீலை அசைத்தால் எல்லா கமகமும் வந்துவிடுமே.

பட்டறை_கோவை

கீபோர்டு_தம்பி, அதில் வருவது பதிவு செய்த ஒலியை இழுத்து வளைப்பது. எனக்கு வேண்டியது தந்தியும் மரமும் இந்த அறையில் அதிர வேண்டும். அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், எங்கே தவறுகிறது என்று ஸ்பேனரை எடுத்துச் சரிசெய்ய வேண்டும். அந்த வேலைதான் எனக்குப் பிடித்தது.

வைணிகை அம்மா, மிக்க நன்றி. இதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. அப்படியென்றால் சாலினாய்டுக்குப் பதிலாக, மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும் ஒரு விரல் செய்ய வேண்டும். அதற்கு எவ்வளவு விசை தேவைப்படும்? மின்னோடி, கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா?

மின்னோடி

போட்டுப் பார்த்தேன். தந்தியின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அரை ஸ்வரம் ஏற இழுவிசை 12 சதவீதம் கூட வேண்டும். முழு ஸ்வரத்துக்கு 26 சதவீதம். நான்கு அரை ஸ்வரம், அதாவது தோடியில் ரிஷபத்திலிருந்து மத்யமம் வரை, ஏற 59 சதவீதம்.

0.3 மி.மீ. எஃகுத் தந்தி, மேருவிலிருந்து (தண்டியின் தலைப்பக்கம் தந்தி படியும் முனை) குதிரை (குடத்தின் மேல் தந்தியைத் தாங்கும் பாலம்) வரை 800 மி.மீ., 40 நியூட்டன் இழுவிசை என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 168 ஹெர்ட்ஸ், 3 கட்டைக்குச் சற்று மேலே. நான்கு அரை ஸ்வரம் ஏற்ற, தந்தி சுமார் 1.3 மி.மீ. நீள வேண்டும். தண்டியின் நடுவில் இருக்கும் மெட்டில் அதற்கு 23 மி.மீ. பக்கவாட்டில் இழுக்க வேண்டும். மேரு பக்கத்து மெட்டுகளில் 15 மி.மீ. போதும், ஆனால் விசை 10 நியூட்டனைத் தாண்டும். ஒரு கிலோ எடையை ஒற்றை விரலால் தள்ளுகிற மாதிரி, அதுவும் செகண்டுக்கு நாலு தடவை. வைணிகர்களின் விரலில் ஏன் பள்ளம் விழுகிறது என்று இப்போதுதான் புரிகிறது.

மோட்டாருக்கு இந்த விசை ஒரு பொருட்டே இல்லை. சிக்கல் எங்கே என்றால், ஒவ்வொரு மெட்டிலும் 'எவ்வளவு இழுத்தால் எவ்வளவு ஏறும்' என்ற வளைகோடு வேறு. தந்தி மாற்றினால் அதுவும் மாறும். போதாததற்கு விரல் தண்டியின் நீளவாக்கிலும் போக வேண்டும், குறுக்கேயும் இழுக்க வேண்டும், கீழே அழுத்தவும் வேண்டும். மூன்று அச்சு.

சுருதிப்பெட்டி

நடுவில் ஒரு மாற்று யோசனை. இடது கை இவ்வளவு கஷ்டம் என்றால், இடது கையே இல்லாத வாத்தியத்தில் தொடங்கலாமே? தம்புரா. நாலு தந்தி: பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தரம். எல்லாமே திறந்த தந்தி. இன்று கச்சேரி மேடைகளில் பெரும்பாலும் எலக்ட்ரானிக் தம்புராதான். கூட உட்கார்ந்து நிஜத் தம்புரா மீட்ட ஆள் எளிதில் கிடைப்பதில்லை. ஒரு உருளையில் நாலு விரல்களை வெவ்வேறு கோணத்தில் பொருத்தி, கியர் மோட்டாரில் நிமிடத்துக்கு 12 சுற்று வைத்தால் ஐந்து செகண்டுக்கு ஒரு ஆவர்த்தனம். மந்தரத்துக்குப் பிறகு கொஞ்சம் இடைவெளி விடுங்கள், அது முழுசாக ஒலித்து அடங்க வேண்டும்.

விரலுக்கு பிளெக்ட்ரம் மட்டும் கூடாது. தம்புராவைச் சதையால் வருட வேண்டும். பஞ்சமத்துக்கு நடுவிரல், மற்ற மூன்றுக்கும் ஆள்காட்டி விரல், தந்தியின் நடுப்பக்கத்தில். அகலமான தோல் நுனி தந்தியை மெதுவாகத் தள்ளி நழுவினால்தான், ஜீவாளி நூல் (தந்திக்கு அடியில் செருகும் நூல்) வைத்த குதிரையில் அந்த ரீங்காரம் கிளம்பும். வெடுக்கென்று தட்டினால் முதலில் ஒரு 'டிங்' வந்து கார்வை மெலிந்துவிடும்.

பாடுகிறவர்களுக்கு நாளைக்கே பயன்படும் இயந்திரம் இது.

பட்டறை_கோவை

சுருதிப்பெட்டி சார், அருமையான யோசனை, இதையும் நிச்சயம் செய்வேன். பட்டறையில் கியர் மோட்டார் சும்மா கிடக்கிறது. ஆனால் மனசு முழுக்க இடது கையில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வர முடியவில்லை.

ரைன்நதி

நான் ஜெர்மனியில் ரைன் கரையில் இருக்கிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். ரூடஸ்ஹைம் ஊரில் தானியங்கி இசைக்கருவிகளுக்கென்று ஒரு காட்சிச்சாலை இருக்கிறது. அங்கே ஹுப்ஃபெல்ட் கம்பனியின் வயலின் இயந்திரத்தை ஓடவிட்டுக் காட்டுவார்கள். நீங்கள் கதைக்கிற அத்தனை சிக்கலையும் நூறு வருசத்துக்கு முதலே ஆட்கள் முட்டிப் பார்த்திருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

லைப்சிக் நகரத்து ஹுப்ஃபெல்ட் செய்த அந்த ஃபோனோலிஸ்ட்-வியோலினா 1910ஆம் ஆண்டு பிரசல்ஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. பியானோவின் தலைக்கு மேல் மூன்று வயலின் நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் வேலை செய்வது ஒரேயொரு தந்திதான். மூன்றையும் சுற்றி வட்டமான ஒரு வில், உள்பக்கம் ஆயிரத்துக்கு மேற்பட்ட குதிரைவால் மயிர். வில் சுழன்றபடி இருக்கும், வயலின்தான் முன்னால் சாய்ந்து வில்லைத் தொடும். துளையிட்ட தாள் சுருள் ஓட, காற்று உறிஞ்சல் சின்னச் சின்ன விரல்களை இயக்கும். கிட்ட நின்று பார்த்தால் அந்த விரல்கள் அடுத்தடுத்து இறங்குவது வடிவாகத் தெரியும்.

அமெரிக்காவில் அதே காலத்தில் வயலானோ-வர்ச்சுவோசோ வந்தது. சுவீடனில் பிறந்த ஹென்றி சாண்டெல் வடிவமைத்தார், சிகாகோவின் மில்ஸ் நாவல்டி கம்பனி செய்து விற்றது. அதில் காற்று இல்லை, எல்லாம் மின்காந்தம். ஒரு வயலின், நாலு தந்தி, தந்திக்கு ஒரு சுழலும் செல்லுலாய்டு சக்கரம். இரும்பு விரல்கள் கீழிருந்து வந்து தந்தியைப் பிடிக்கும். உங்களுக்கு முக்கியமானது ஒன்று அதில் இருக்கிறது: தந்திகளின் இழுவிசையைப் பிருடை (முறுக்காணி) பிடித்து வைக்கவில்லை, நெம்புகோலில் தொங்கும் எடைகள் பிடித்து வைத்திருந்தன. அறை சூடானாலும் குளிர்ந்தாலும் எடை மாறாது, ஆகவே சுருதியும் மாறாது.

அதற்கும் முந்தியது என்றால் பாரிஸில் இருக்கும் டல்சிமர் வாசிக்கும் பொம்மை. ரோன்ட்கென், கின்ட்சிங் என்ற இருவர் 1784இல் செய்தது, மரி அந்துவானெத் அரசிக்குப் போனது. 46 தந்தி, 8 பாட்டு. பொம்மையின் கையே சின்னச் சுத்தியலைப் பிடித்து நிஜமாகத் தந்தியில் அடிக்கும். 1890களில் அமெரிக்காவில் என்கோர் என்ற தானியங்கி பாஞ்சோ இருந்தது, நாலு தந்திக்கும் பத்துப் பத்தாக 40 அழுத்தும் விரல். பட்டறை அண்ணையின் முதல் திட்டம் கிட்டத்தட்ட அந்த பாஞ்சோதான். பாஞ்சோவுக்கு அது பொருந்தியது, ஏனென்றால் அந்த இசை மெட்டுக்கு மெட்டு தாவிப் போகிறது.

பட்டறை_கோவை

எடை தொங்கவிடுவது பட்டறைக்காரனுக்கு ரொம்பப் பிடித்த வழி. அதையே வைத்துக்கொள்கிறேன். விரல் பக்கவாட்டில் இழுக்கட்டும், எடை சுருதியைப் பார்த்துக்கொள்ளட்டும்.

மின்னோடி

அங்கேதான் நிறுத்தி யோசிக்க வேண்டும். எடை தொங்கினால் இழுவிசை மாறாது என்பதுதானே அதன் பலன்? வீணையில் இழுத்தால் சுருதி ஏறுவதே இழுவிசை மாறுவதால்தான். நீங்கள் தந்தியை இழுத்தால் எடை மேலே எழும்பும், சுருதி இருந்த இடத்திலேயே நிற்கும். எடையும் இழுப்பும் ஒரே இயந்திரத்தில் சேராது. இரண்டில் ஒன்றை விட வேண்டும்.

எனக்குக் கேட்டால் இழுப்பை விட்டுவிடலாம். நீளத்தை மாற்றி சுருதி ஏற்றும் வாத்தியம் நம்மிடமே இருக்கிறதே, சித்ரவீணை. மெட்டே கிடையாது. தந்தியின் மேல் கருங்காலிக் கட்டையோ டெஃப்லான் உருளையோ சறுக்கிப் போகிறது. மூன்று அச்சு ஒரே அச்சாகிவிடும்.

இது நானாகச் சொல்வதில்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் ராகவசிம்மன் சங்கரநாராயணனும் கில் வைன்பெர்க்கும் கர்நாடக இசைக்கென்றே ஹதானி என்ற வயலின் ரோபோ செய்தார்கள், 2021இல் கட்டுரை வெளிவந்தது. வயலினில் ஒரு தந்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் ஒற்றை விரலை ஓடவிட்டிருக்கிறார்கள். அந்த விரலுக்கு முன்மாதிரி சித்ரவீணைதான் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். வில்லுக்கு இரட்டை உருளை, அதனால் வில் தீர்ந்துபோய்த் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. நோக்கம் முழுக்க கமகம். நம் இழையில் வைணிகை அம்மா சொன்ன அதே இடம்.

நியூயார்க்கில் எரிக் சிங்கரின் லெமர் குழு 2003 வாக்கில் செய்த கிட்டார்பாட்டிலும் மெட்டு இல்லை. ஒரு தந்திக்கு ஒரு தனி அலகு, பெல்ட்டில் ஓடும் நகரும் பாலம், மீட்ட ஒரு சக்கரத்தில் பிளெக்ட்ரம்கள். கட்டுமானத்துக்கு அதைப் பாருங்கள், பட்டறையில் செய்யக்கூடியது.

வைணிகை

சித்ரவீணை என்றால் எனக்கு முழு சம்மதம். குரலுக்கு ரொம்பக் கிட்டத்தில் போகிற வாத்தியம் அது. வீணையின் இழுப்பில் இருக்கும் அழுத்தம் சறுக்கில் வராது, அதை ஈடுகட்ட வேறு அழகு இருக்கிறது.

பட்டறை_கோவை

சரி, முடிவு செய்துவிட்டேன். ஒரு தந்தி, மெட்டில்லை, சறுக்கு, எடை. 800 மி.மீ. தந்தி, ஜி.டி.2 பெல்ட், 20 பல் புல்லி, நெமா 17 ஸ்டெப்பர் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்), டி.எம்.சி. 2209 டிரைவர். சத்தமில்லாமல் ஓடும் என்பதால் அந்த டிரைவர். போதுமா?

மின்னோடி

துல்லியம் போதும், வேகம் போதாது.

துல்லியம் முதலில். ஒரு ஸ்தாயியை 1200 சென்ட்டாகப் பிரித்தால், 800 மி.மீ. தந்தியில் மேரு பக்கம் ஒரு சென்ட் என்பது 0.46 மி.மீ., நடுவில் மேல் ஷட்ஜம் வரும் இடத்தில் 0.23 மி.மீ. உங்கள் புல்லி ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகர்த்தும், 200 ஸ்டெப், ஆக முழு ஸ்டெப்பே 0.2 மி.மீ.தான். மைக்ரோஸ்டெப் போட்டால் இன்னும் நுணுக்கம். காதுக்கு எட்டாத அளவு.

வேகத்துக்கு அம்மா சொன்ன தோடியையே எடுத்தேன். ரிஷபம் மேருவிலிருந்து 45 மி.மீ.யில் வரும், சுத்த மத்யமம் 201இல். ஒவ்வொரு அசைவுக்கும் வண்டி 156 மி.மீ. போய் வர வேண்டும். செகண்டுக்கு நாலு அசைவு என்றால் உச்ச வேகம் கிட்டத்தட்ட செகண்டுக்கு 2 மீட்டர். 20 பல் புல்லியில் அது 2,900 ஆர்.பி.எம்.க்கு மேல். நெமா 17 அந்த வேகத்தில் முறுக்குவிசையே இல்லாமல் ஸ்டெப்பைத் தவறவிடும்.

அதனால் தந்தியைக் குறையுங்கள். 500 மி.மீ. வைத்தால் அதே அசைவு 98 மி.மீ. ஆகிவிடும். புல்லியை 40 பல்லாக்குங்கள். 920 ஆர்.பி.எம்.க்கு இறங்கும். வண்டி 150 கிராமுக்குள் இருந்தால், 24 வோல்ட்டில் சமாளிக்கலாம். 0.3 மி.மீ. தந்தியில் 38 நியூட்டன் இழுவிசை கொடுத்தால் சரியாக 1 கட்டை, 262 ஹெர்ட்ஸ். 3.9 கிலோ எடை தொங்கவிட வேண்டும்.

எடைக்கு இன்னொரு பலனும் உண்டு. இரண்டு முனையும் இறுக்கிக் கட்டிய தந்தியில் சறுக்குக் கட்டை 2 மி.மீ. அழுத்தினால் தந்தி கொஞ்சம் நீண்டு சுருதி ஏறிவிடும். 800 மி.மீ. தந்திக்கு நான் போட்ட கணக்கில் மேரு பக்கம் 18 சென்ட், நடுவில் 4 சென்ட். இடத்துக்கு இடம் மாறும் இந்தப் பிழையைத் திருத்த ஒரு பெரிய அட்டவணை வேண்டியிருக்கும். எடை தொங்கினால் அந்த அட்டவணையே தேவையில்லை. ரைன்நதி சொன்ன அறைச் சூடும் அப்படித்தான். மரச் சட்டத்தில் கட்டிய தந்தி, ஏ.சி. போட்டு 5 டிகிரி குறைந்தால் 19 சென்ட் ஏறி நிற்கும், எடையில் அது இல்லை.

பிருடைக்காரர்

எடை நல்ல வழிதான், ஆனால் குதிரையை மறந்துவிட்டீர்கள். வீணைக்கும் சித்ரவீணைக்கும் குதிரையின் மேல் தட்டையான வெண்கலத் தகடு இருக்கிறது. தந்தி அதன் மேல் நீளமாகப் படிந்து கிடக்கும். அந்தப் படிமானத்தில்தான் நாதம். படிமானம் இருந்தால் உராய்வும் இருக்கும். எடை கீழே இழுத்தாலும் தந்தி தகட்டில் ஒட்டிக்கொண்டு நகராது. இந்தப் பக்கம் ஒரு இழுவிசை, அந்தப் பக்கம் ஒரு இழுவிசை என்று நிற்கும்.

தகட்டை நன்றாக மெருகேற்றுங்கள். குதிரையைத் தாண்டித் தந்தி கீழே இறங்கும் கோணத்தைக் குறைவாக வையுங்கள். தாண்டியவுடன் பால் பேரிங் உருளை ஒன்று, அதில் எடை. மேரு பக்கம் பள்ளத்தில் பென்சில் கரி தேய்த்தால் போதும். தகட்டின் மேற்பரப்பைச் சமமாக அராவிவிடாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத வளைவு ஒன்று வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அராவி, மீட்டிக் கேட்டு, மறுபடி அராவுங்கள். அவசரப்பட்டால் தகடு போய்விடும்.

சறுக்குக் கட்டைக்கு லேத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருளை திருப்பிக்கொள்ளுங்கள். எடை 150 கிராமைத் தாண்டக் கூடாது என்றால் உள்ளே குடைந்துவிடலாம். கட்டை லேசாகிவிட்டால் தந்தியின் கார்வை சீக்கிரம் செத்துவிடும், அதனால் தந்தி படும் பக்கத்தில் மட்டும் கனத்தை விட்டுவையுங்கள். மேலே ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்.

வைணிகை

வலது கையைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. எல்லா ஸ்வரத்துக்கும் மீட்டு விழுவதில்லை. கிருதி வாசிக்கும்போது சாகித்ய எழுத்து எங்கே வருகிறதோ அங்கே மீட்டு, நடுவில் வரும் ஸ்வரங்கள் அந்த ஒரே மீட்டின் கார்வையில் ஓடிவிடும். மிடி கோப்பில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் மீட்டு என்று வைத்தால் பாட்டு துண்டு துண்டாகிவிடும். மீட்டுக்குத் தனி வரி, அசைவுக்குத் தனி வரி என்று பிரித்து வையுங்கள்.

மின்னோடி

இது மென்பொருளுக்கு ரொம்ப உதவும். அப்படியென்றால் ஸ்வரமே அனுப்ப வேண்டாம். 5 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை 'சறுக்கு எங்கே இருக்க வேண்டும்' என்ற ஒரே எண்ணை அனுப்புவோம். அந்த வளைகோட்டைப் பாடுகிறவர் குரலிலிருந்தே எடுக்கலாம். தனிக் குரலாகப் பதிவு செய்து பிராத் மாதிரி இலவச மென்பொருளில் போட்டால் சுருதிக் கோட்டை வரைந்து கொடுத்துவிடும். அதை மில்லிமீட்டராக்க ஒரு வரி சூத்திரம் போதும்.

வைணிகை அம்மா, தோடி காந்தாரம் மட்டும் தம்புரா இல்லாமல் 1 கட்டையில் பாடிப் பதிவு செய்து அனுப்ப முடியுமா?

வைணிகை

அனுப்பியிருக்கிறேன். நிதானமாக ஒன்று, வேகமாக ஒன்று. பிறகு 'க ம க ரி' என்று ஒரு பிரயோகம்.

மின்னோடி

கோட்டைப் பார்த்தேன். நான் சைன் அலை என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன், அம்மாவின் குரலில் அசைவு அப்படி இல்லை. சுமார் 90 மில்லிசெகண்டில் மேலே ஏறுகிறது, மத்யமத்தைத் தொட்டவுடன் திரும்பி அதே வேகத்தில் இறங்குகிறது, கீழே ரிஷபத்துப் பக்கம் 70 மில்லிசெகண்டு தங்குகிறது. அந்தத் தங்கல்தான் தோடிக்கு உயிர் என்று எனக்குத் தோன்றுகிறது. நானே சைன் அலையாகக் கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டபோது வெறும் நடுக்கம் மாதிரி இருந்தது.

இந்த வடிவத்துக்கு 98 மி.மீ.யை 90 மில்லிசெகண்டில் கடக்க வேண்டும். உச்சத்தில் 1,300 ஆர்.பி.எம்., முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஆறு மடங்கு. நெமா 17 விளிம்பில் நிற்கும். ஒரு ஸ்டெப் தவறினாலும் அதற்கப்புறம் எல்லா ஸ்வரமும் தவறு. என்கோடர் வைத்த பிரஷ்லெஸ் மோட்டாருக்கு மாறிவிடுங்கள். இடம் தவறினால் அதுவே பார்த்துத் திருத்திக்கொள்ளும். விலை கூடும், வேறு வழி தெரியவில்லை.

பட்டறை_கோவை

மோட்டார் வந்துவிட்டது, சட்டமும் தயார். பலாப் பலகைக்குக் கீழே ஒரு சின்னச் சுரைக்குடம், பிருடைக்காரர் ஐயா சொன்ன மாதிரி வெண்கலத் தகடு, பால் பேரிங், நெம்புகோலில் எடை. சறுக்கு உருளை குடைந்த பிறகு வண்டியோடு சேர்த்து 142 கிராம். மீட்டுக்கு சர்வோ, நுனியில் 0.5 மி.மீ. எஃகுக் கம்பியை வளைத்து வைத்தேன். பிளாஸ்டிக் பிளெக்ட்ரம் கிட்டார் மாதிரி ஒலித்தது.

பதிவு இணைத்திருக்கிறேன். நிதானமான காந்தாரம் வருகிறது. வேகமானதில் சறுக்கு ஓடும் 'சர்' சத்தம் கேட்கிறது, சட்டமும் கூடவே ஆடுகிறது.

பிருடைக்காரர்

கேட்டேன் தம்பி. நாதம் நன்றாக இருக்கிறது. 'சர்' சத்தம் தந்தியிலிருந்து வரவில்லை, குடம் சட்டத்தைத் தொடுகிறது. வண்டி ஓடும் தண்டவாளத்தையும் குடத்தையும் தனித்தனியாக்குங்கள். குடம் தரையில், தண்டவாளம் மேஜையில். நடுவில் இரண்டுக்கும் தொடர்பு தந்தி மட்டும்தான் இருக்க வேண்டும்.

மின்னோடி

சட்டம் ஆடுவதற்கு எதிர் எடை போட்டுப் பாருங்கள். பெல்ட்டின் மறுபக்கத்தில் 142 கிராம் கட்டினால் வண்டி வலப்பக்கம் போகும்போது அது இடப்பக்கம் போகும், உதைப்பு பெருமளவு அடங்கும். மோட்டாருக்குச் சுமை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், உங்கள் புது மோட்டார் தாங்கும்.

வைணிகை

திரும்பத் திரும்பக் கேட்டேன். நிதானமான காந்தாரத்தைப் பெயர் சொல்லாமல் என் மாணவிகளுக்குப் போட்டுக் காட்டினேன். தோடி என்று உடனே சொன்னார்கள்.

இரண்டு விஷயம் திருத்த வேண்டும். மீட்டு விழும் கணத்தில் சறுக்கு ஏற்கெனவே மேலே ஏறத் தொடங்கிவிடுகிறது. மீட்டு கீழே, ரிஷபத்துப் பக்கம் தங்கும்போதே விழ வேண்டும், ஏற்றம் அதற்குப் பிறகு. இரண்டாவது, 'க ம க ரி'யில் கடைசி ரிஷபத்துக்கு இறங்கும்போது இயந்திரம் நேராக இறங்கி நிற்கிறது. நான் பாடியதில் ஷட்ஜத்தை லேசாகத் தொட்டு ரிஷபத்துக்கு வருகிறேன், பிராத் கோட்டில் அது சின்னப் பள்ளமாகத் தெரியும். அதை மென்பொருள் வழவழப்பாக்கி அழித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மின்னோடி

ஆமாம் அம்மா, பள்ளம் இருக்கிறது. இரைச்சலை நீக்க 60 மில்லிசெகண்டு சராசரி போட்டிருந்தேன், அதில் கரைந்துவிட்டது. 15க்குக் குறைத்துப் புதுக் கோப்பு அனுப்புகிறேன். பட்டறை, மீட்டை எவ்வளவு முன்னால் தள்ள வேண்டும் என்று சர்வோவின் தாமதத்தை அளந்து சொல்லுங்கள்.

பட்டறை_கோவை

அளந்துவிட்டேன். கட்டளை போனதிலிருந்து தந்தி விடுபடும் வரை 55 மில்லிசெகண்டு. அவ்வளவு முன்னால் தள்ளிவிடுங்கள். குடத்தைத் தனியாகப் பிரிக்கும் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, எதிர் எடைக்குப் பித்தளையில் வெட்டி வைத்திருக்கிறேன். புதுக் கோப்பு வந்ததும் வேகமான காந்தாரத்தையும் 'க ம க ரி'யையும் பதிவு செய்து இங்கே போடுகிறேன். அது சரியாக வந்தால் அடுத்து என்ன ராகம் என்று அம்மாதான் சொல்ல வேண்டும்.

வைணிகை

சாவேரி. அதன் ரிஷபமும் காந்தாரமும் தோடியை விடச் சின்ன இடத்துக்குள் அசையும். வேகத்துக்குச் சிரமமில்லை, நுணுக்கத்துக்குத்தான் சோதனை. பாடிப் பதிவு செய்து வைக்கிறேன்.